பச்சைச் சுவரா, ஜன்னலுக்கு வெளியே மரமா? நோயாளியின் அறைக்கு எது உதவும்?

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். இன்னும் சில மாதங்கள் பெரும்பாலும் படுக்கையில்தான் இருக்க வேண்டும். அவருக்கென்று ஓர் அறையை ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறோம். உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில், "சுவருக்குப் பச்சை அடியுங்கள், மனதுக்கு அமைதி, கண்ணுக்குக் குளிர்ச்சி" என்கிறார்கள். அண்ணன் பெயின்ட் அட்டையையே கொண்டு வந்துவிட்டார். என் மனைவியோ, சுவர் கிடக்கட்டும், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புங்கள் என்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் நிற்கிறது. கட்டிலைத் திருப்பினால் கதவருகே இடம் குறைந்து, சக்கர நாற்காலியைத் திருப்புவது சிரமமாகும்.

இரண்டையும் செய்துவிடலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். செய்யலாம்தான். ஆனால் எனக்கு அடிப்படை தெரிந்தாக வேண்டும். ஆறுதல் தருவது பச்சை என்ற நிறமா, அந்த நிறத்தில் இருக்கும் உயிருள்ள பொருளா? விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். அம்மா விஷயம் என்பதால் அரைகுறையாகச் செய்ய மனம் வரவில்லை.

சுண்ணக்காரர் எழுதியது:

சுவருக்கு வண்ணம் பூசுவதுதான் என் தொழில். அதனால் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

மருத்துவமனைகளுக்குப் பச்சை வந்த கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தம் அறுவை அரங்கின் சுவர்களையும் தரையையும் கீரைப் பச்சைக்கு மாற்றினார். அதுவரை எங்கும் வெள்ளை. பலத்த விளக்கொளியில் வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் கண்ணைக் கூசச் செய்தன. இன்னொரு தொல்லையும் உண்டு. இரத்தச் சிவப்பையே நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைத் துணியின் பக்கம் கண்ணைத் திருப்பினால், பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிழல் மிதக்கும். சிவப்பை உணரும் செல்கள் சற்று நேரம் சோர்ந்துபோவதால் வரும் பின்பிம்பம் அது. பின்னணியே பச்சையாக இருந்தால் அந்த நிழல் அதிலேயே கரைந்துவிடும். ஆக, அந்தப் பச்சை கத்தியைப் பிடித்திருப்பவரின் கண்ணுக்காக வந்தது. மேசையில் படுத்திருப்பவருக்கு அதில் பங்கு இல்லை.

உங்கள் அறைக்கு வருவோம். அடர்த்தியான பச்சையை அடித்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழும். நல்ல முகம்கூட வெளிறிப்போய்த் தெரியும். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் அவருக்கும் அது நல்லதல்ல. முகத்தின் நிறமாற்றத்தைக் கவனிக்க வேண்டிய உங்களுக்கும் நல்லதல்ல. பச்சைதான் வேண்டுமென்றால் சாம்பல் கலந்த இளம்பச்சை, மினுமினுப்பு இல்லாத வகை, அதுவும் ஒரே ஒரு சுவருக்கு மட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. மல்லாந்து படுத்திருப்பவர் நாள் முழுவதும் பார்ப்பது சுவரை அல்ல, தலைக்கு மேலே இருக்கும் தளத்தை. அங்கே ஒரு குழல்விளக்கு நேராகக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தால், சுவரில் எந்த நிறம் இருந்தும் பயனில்லை. முதலில் நீங்களே அந்தக் கட்டிலில் படுத்துப் பாருங்கள்.

இரவுப்பணி எழுதியது:

சுண்ணக்காரர் சொன்ன கடைசி வரியை ஒவ்வொரு வார்டிலும் எழுதி ஒட்டலாம். நான் செவிலியர். கட்டிலில் படுத்துப் பார்க்காமல் அறையை வடிவமைத்தவர்களின் வேலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கார்முகில், உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். சில அறைகளின் ஜன்னல் மரங்களைப் பார்த்திருந்தது. மற்றவற்றின் ஜன்னல் செங்கல் சுவரைப் பார்த்திருந்தது. வயது, பாலினம், புகைப்பழக்கம், உடற்பருமன் எல்லாம் ஒத்துவரும்படி 23 ஜோடிகளாகச் சேர்த்து ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. கடுமையான வலிநிவாரணிகள் தேவைப்பட்டதும் மரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவு. செவிலியர் குறிப்புகளில் "கலங்கியிருக்கிறார், ஊக்கப்படுத்த வேண்டியிருக்கிறது" என்பது போன்ற வரிகளும் அவர்களைப் பற்றிக் குறைவாகவே இருந்தன.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, மே மாதத் தொடக்கத்திலிருந்து அக்டோபர் 20 வரையிலான பதிவுகளை மட்டும் எடுத்தார். மற்ற மாதங்களில் மரங்களில் இலை இருக்காது. இரண்டு, இரண்டாம் தளத்து நோயாளிகளை ஜோடி சேர்க்கும்போது அறையின் நிறமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அதாவது உள்ளே நிறம் சமம், வேறுபட்டது வெளியே தெரிந்த காட்சி. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஒரே மருத்துவமனைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வார்டில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. ஜன்னல் கட்டில் காலியானதும் அடுத்த கட்டிலில் இருப்பவர், "என்னை அங்கே மாற்றுவீர்களா?" என்று கேட்பார். சுவரின் நிறத்தைக் காட்டி இடம் மாற்றக் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

என் ஓட்டு உங்கள் மனைவிக்கு.

இலைநரம்பு எழுதியது:

தாவரவியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்த மரத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்.

இலை பச்சையாக இருப்பதன் காரணத்தைப் பள்ளியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்: பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சும், பச்சையைத் திருப்பி அனுப்பும். பச்சையத்தைத் தனியே கரைசலில் எடுத்தால் இது பெருமளவு சரி. முழு இலைக்கு வரும்போது கதை மாறுகிறது. ஒரு தளிரல்லாத இலையைப் பறித்து, முதலில் மேலிருந்து பாருங்கள். பிறகு சூரியனை நோக்கித் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் அடர்ந்த, சற்று மங்கிய பச்சை. கீழிருந்து பார்த்தால் மஞ்சள் கலந்த, ஒளிரும் பச்சை. நரம்புகள் கோடு கோடாகப் பிரிந்து தெரியும். இலையைக் கடந்து வந்த ஒளி அது. மரத்தடியில் படுத்து மேலே பார்ப்பவர் காண்பது இந்த இரண்டாவது பச்சையை. எந்தப் பெயின்டாலும் இதைத் தர முடியாது; பெயின்டில் ஒளி திரும்பி வருமே தவிர, கடந்து வராது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதும் அழகு. சிவப்பும் நீலமும் இலையின் மேலடுக்குச் செல்களிலேயே பெருமளவு விழுங்கப்பட்டுவிடும். பச்சை ஒளி செல்லுக்குச் செல் சிதறி ஆழம்வரை போகும். போகும் வழியில் அதிலும் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். நம் கண்ணுக்கு வருவது மிச்சம். வெயில் பலமாக அடிக்கும்போது மேலடுக்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அப்போது கூடுதல் சிவப்பு ஒளியைவிடக் கூடுதல் பச்சை ஒளிதான் ஒளிச்சேர்க்கைக்கு அதிகம் பயன்படுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். பச்சை தாவரத்துக்குப் பயன்படாத ஒளி என்ற பாடம் மாற்றி எழுதப்பட வேண்டியது.

பச்சையத்துக்கு 1817இல் பெயர் வைத்தவர்கள் பெல்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள். அதன் மூலக்கூறின் தலைப்பகுதி ஒரு வளையம். நடுவே ஒரு மக்னீசிய அணு. நம் இரத்தத்துச் சிவப்புக்குக் காரணமான ஹீமிலும் ஏறக்குறைய அதே வளையம்தான், நடுவே இரும்பு. இரண்டும் உறவுக்காரர்கள். இதை வகுப்பில் கரும்பலகையில் அடுத்தடுத்து வரைந்து காட்டும் நாளுக்காக ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பேன்.

மரம் அசையும், கார்முகில். காலையில் ஒரு பச்சை, நண்பகலில் ஒரு பச்சை, மழைக்குப் பின் வேறொரு பச்சை. பறவை வந்து உட்காரும். படுத்திருப்பவருக்கு நாள் நகர்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

மறுபக்கம் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் நான் நிறத்துக்காகப் பேசுகிறேன்.

உல்ரிச்சின் ஆய்வில் மரத்துக்கு எதிராக நின்றது வெறும் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்ததால் நன்மையா, சலிப்பூட்டும் சுவரைப் பார்க்காததால் நன்மையா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நிறத்தை மட்டும் தனியாக எடுத்துச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனையில், உள்ளரங்கில் மிதிவண்டி மிதிப்பவர்களுக்கு முன்னால் இயற்கைக் காட்சிப் படம் ஓடியது. அதே படம் மூன்று வகையில்: உள்ளபடியே பச்சையாக ஒருமுறை, நிறம் நீக்கிச் சாம்பலாக ஒருமுறை, சிவப்பாக மாற்றி ஒருமுறை. பச்சையில் மனக்கலக்கமும் உடற்களைப்பு உணர்வும் குறைந்தன. சிவப்பில் கோபம் கூடியது. மரம் அதே மரம், பாதை அதே பாதை, மாறியது நிறம் மட்டும். அப்படியானால் நிறத்துக்கும் பங்கு இருக்கிறதுதானே?

கண்ணின் அமைப்பையும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது அலைநீளம் 555 நானோமீட்டர் அருகே உள்ள ஒளியை. அது பச்சை. அதே அளவு ஆற்றலில் சிவப்போ நீலமோ வந்தால் அவ்வளவு பிரகாசமாகத் தெரியாது.

இரவுப்பணி எழுதியது:

மறுபக்கம், அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 14 பேர். அதையும் சேர்த்தே சொல்லுங்கள். சிவப்பாக மாற்றிய காடு இயற்கைக்கு மாறான காட்சி; அது எரிச்சலூட்டியிருந்தால் அதில் வியப்பில்லை. அதுவும் பச்சையாகக் காட்டியது காட்டைத்தான். வெறும் பச்சைத் திரை ஒன்றை வைத்து அவர்கள் சோதிக்கவில்லை.

சாயத்தொட்டி எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். இயற்கைச் சாயம் தோய்ப்பவன் நான். பச்சையோடு எனக்கு இருக்கும் உறவு வேறு மாதிரியானது. உலகெங்கும் இலை பச்சையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சையைத் துணியில் நிறுத்துவதுபோல் கடினமான வேலை சாயத் தொழிலில் கிடையாது. இலையை அரைத்துத் துணியில் தேய்த்தால் ஒட்டும்; வெயில் பட்டால் சில நாட்களிலேயே பழுப்பாகிவிடும். பச்சையம் செடிக்குள்ளேயே ஓயாமல் சிதைந்து மீண்டும் மீண்டும் உண்டாக்கப்படுவது. செடியை விட்டுப் பிரிந்ததும் அதைப் புதுப்பிக்க ஆள் இல்லை.

அதனால் பழங்காலத்திலிருந்தே சாயக்காரர்கள் பச்சையை இரண்டு தோய்ப்பில்தான் செய்தார்கள். முதலில் அவுரித் தொட்டியில் நீலம், பிறகு மஞ்சள் தரும் செடியின் சாற்றில் ஒரு தோய்ப்பு. தொட்டியிலிருந்து துணியை வெளியே எடுக்கும் கணத்தை நேரில் பார்க்க வேண்டும். அவுரித் தொட்டிக்குள் துணி மஞ்சள் கலந்த பச்சையாகத்தான் இருக்கும். வெளியே தூக்கிப் பிழிந்து விரித்ததும் காற்று பட்ட இடமெல்லாம் நீலமாக மாறத் தொடங்கும். மடிப்புக்குள் மட்டும் பச்சை சற்று நேரம் ஒளிந்திருக்கும். மடிப்பைப் பிரித்தால் அதுவும் போய்விடும். அந்தப் பச்சையை அப்படியே பிடித்து வைக்க முடியாதா என்று தொழில் கற்கும் எல்லோரும் ஏங்குவார்கள். முடியாது. பச்சை வேண்டுமானால் முழுதாக நீலமாகவிட்டு, மேலே மஞ்சள் ஏற்றத்தான் வேண்டும்.

மஞ்சள் பொதுவாக நீலத்தைவிட ஆயுள் குறைந்தது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கும் பல நூற்றாண்டுப் பழமையான சித்திரத் திரைச்சீலைகளில் மரமும் புல்லும் நீலமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நெய்தவர்கள் நீல மரம் நெய்யவில்லை. மேலிருந்த மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட, அடியிலிருந்த நீலம் நின்றுவிட்டது.

இனிமேல் சொல்வதுதான் எனக்குப் பெருவியப்பு. தவளையும் இதே வேலையைத்தான் செய்கிறது! பெரும்பாலான பச்சைத் தவளைகளின் தோலில் பச்சை நிறமி கிடையாது. மேலே மஞ்சள் நிறமிச் செல்கள். அதற்குக் கீழே நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்படிக அடுக்குகள். மஞ்சளின் வழியே வரும் நீலம் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆய்வகத்தில் சாராயத்தில் போட்டு வைத்த பச்சைத் தவளை நாளடைவில் நீலமாகிவிடும். மஞ்சள் நிறமி கரைந்துபோவதுதான் காரணம். கிளியின் இறகும் இப்படித்தான். நீலம் இறகின் நுண்ணமைப்பில் பிறக்கிறது, மஞ்சள் நிறமி மேலே ஏறிப் பச்சையாக்குகிறது. மஞ்சளை உண்டாக்கும் திறனை இழந்த கூண்டுக்கிளிகள் நீலமாகப் பிறப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உண்மையான பச்சை நிறமியை இறகில் கொண்ட பறவைகள் மிகச் சில. ஆப்பிரிக்காவின் துராக்கோ அவற்றில் ஒன்று, அதன் நிறமியில் செம்பு இருக்கிறது.

செம்பு என்றதும் இந்த வரலாற்றின் கொடிய பக்கமும் வருகிறது. 1775இல் கார்ல் ஷீலே செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறமியை உருவாக்கினார். 1814இல் அதைவிடப் பளிச்சென்ற இன்னொன்று ஜெர்மனியில் வந்தது. பாரிஸ் பச்சை என்று பெயர் பெற்றது. சுவர்த்தாள், உடை, பொம்மை, செயற்கைப் பூ என எல்லாவற்றிலும் அதை ஏற்றினார்கள். ஐரோப்பிய நகரங்களில் வசதி படைத்தவர்கள் காட்டின் நிறத்தை வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டார்கள். கூடவே நஞ்சும் வந்தது. 1861இல் லண்டனில் செயற்கை இலைகளுக்கு இந்தப் பொடியைத் தூவும் வேலை செய்த 19 வயதுப் பெண் ஒருத்தி நஞ்சேறி இறந்தாள். அவளுடைய கண்ணின் வெண்மைகூடப் பச்சையாகியிருந்தது என்று அன்று எழுதி வைத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். பின்னாளில் இதே பாரிஸ் பச்சையைப் பூச்சிகளைக் கொல்லப் பயிர்களில் தெளித்தார்கள். அழகுக்குப் பூசியதும் பூச்சியைக் கொன்றதும் ஒரே பொடி.

இப்போதைய பச்சைப் பெயின்டுகளில் அந்த நஞ்சு இல்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் அறை மிகப் பழையதாக இருந்தால் பழைய பூச்சைச் சுரண்ட வேண்டாம். பழைய பெயின்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். அம்மா அந்த அறையில் இருக்கும்போது சுரண்டவே கூடாது.

கார்முகில் எழுதியது:

சாயத்தொட்டி ஐயா, நன்றி. தவளைப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு முறை கேட்டார். பெயின்ட் வேலையைத் தள்ளிவைத்துவிட்டோம். அண்ணனுக்கு வருத்தம்தான். "கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறார். அதில் உண்மை உண்டா?

குவிதூரம் எழுதியது:

கண் பரிசோதனை செய்பவன் நான். சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சையைப் பார்த்தால் பார்வை தெளியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புத்தகத்திலிருந்தோ திரையிலிருந்தோ தலையை நிமிர்த்தித் தொலைவில் இருக்கும் மரத்தைப் பார்க்கும்போது கண்ணின் குவியத் தசை தளர்கிறது. இதமாக இருப்பது அதனால்தான். அதே தொலைவில் நீல மலை இருந்தாலும் பலன் அதேதான். பச்சைச் சுவரை முழங்கை தூரத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பலன் வராது.

குழந்தைகளின் கிட்டப்பார்வை பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்த சோதனையில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளின் முடிவில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015இல் முடிவு வெளியானது. முக்கியக் காரணமாகக் கருதப்படுவது வெட்டவெளியின் பிரகாசம். புல்லின் நிறம் என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் அண்ணனுக்கு ஒரு நல்ல செய்தி. அந்தி மங்கும் நேரத்தில் ஜன்னலருகே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பகலில் பளிச்சென்றிருந்த சிவப்புப் பூ முதலில் கறுத்துப்போகும். இலைகள் அதன் பின்னும் வெளிச்சமாகத் தெரியும். வெளிச்சம் குறையும்போது கண் கூம்புச் செல்களிலிருந்து கோல் செல்களுக்கு மாறுகிறது. கோல் செல்களின் உச்ச உணர்வு 507 நானோமீட்டர் அருகே, அதாவது நீலம் கலந்த பச்சையில். இதைக் கவனித்து எழுதியவர் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே. அவர் பெயராலேயே இது இன்று அறியப்படுகிறது. ஆகவே அந்தியில் கடைசிவரை நமக்குத் துணை நிற்பது பச்சைதான்.

மட்பாண்டம் எழுதியது:

பச்சை என்றாலே அமைதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுவதை ஒரு தொல்லியல் வாசகனாக என்னால் கடந்துபோக முடியவில்லை. பண்டைய எகிப்தில் ஓசிரிஸ் தெய்வத்தின் முகத்தைப் பச்சையாகத் தீட்டினார்கள். அவர் இறந்தவர்களின் அரசர்; கொல்லப்பட்டு மீண்டு வந்தவர். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய அரசர் துட்டன்காமுனின் கல்லறையில் ஓசிரிஸ் உருவில் செய்த ஒரு மரச்சட்டம் இருந்தது. அதற்குள் நைல் ஆற்று வண்டலை நிரப்பித் தானியம் விதைத்திருந்தார்கள். இருட்டறைக்குள் அது முளைவிட்டிருந்தது. இறந்தவனின் உடல் வடிவத்திலேயே முளை கிளம்ப வேண்டும் என்று நினைத்த மக்களுக்குப் பச்சை என்பது அமைதியைவிடப் பெரிய ஒன்று. அழுகலும் முளைப்பும் ஒரே மண்ணில் நடக்கின்றன என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

பாலைநிலத்தில் பிறந்த சமயம் ஒன்றில் சொர்க்கத்தில் இருப்பவர்கள் பச்சைப் பட்டு உடுத்தியிருப்பார்கள் என்று குர்ஆன் சொல்கிறது. திபெத்திய பௌத்தத்தில் பச்சைத் தாரா என்ற பெண் தெய்வம் ஒரு காலை மடித்து, மற்றொரு காலைக் கீழே வைத்திருப்பாள். அழைத்தால் உடனே எழுந்து வர ஆயத்தமாக. அங்கே பச்சை விரைந்து உதவும் செயலின் நிறம். ஐரோப்பாவிலோ பச்சை நஞ்சோடும் பொறாமையோடும் சாத்தானோடும் சேர்த்துப் பேசப்பட்டது. நாடக மேடையில் பச்சை உடை ஆகாது என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆக, நிறத்துக்கென்று நிலையான ஒரு குணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது எதோடு சேர்ந்து வருகிறதோ அதன் குணத்தை எடுத்துக்கொள்கிறது. தளிரோடு வந்தால் உயிர், பூஞ்சையோடு வந்தால் அருவருப்பு.

மறுபக்கம் எழுதியது:

பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒற்றைத்தலைவலிக்காரர்களிடம் நடந்த ஆய்வை என்ன சொல்வீர்கள்? பாஸ்டனில் ராமி பர்ஸ்டைன் குழுவினர் 2016இல் வெளியிட்டது. வெள்ளை, நீலம், மஞ்சட்பழுப்பு, சிவப்பு என எந்த ஒளியும் வலியைக் கூட்டியது. குறுகிய அலைவரிசைப் பச்சை மட்டும் மிகக் குறைவாகக் கூட்டியது. மங்கலான பச்சையில் சிலருக்கு வலி குறையவும் செய்தது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் மின்சமிக்ஞையும் பச்சைக்குச் சிறியதாக இருந்தது என்று அளந்து காட்டினார்கள். இங்கே மரமும் இல்லை, நினைவும் இல்லை. வெறும் ஒளி.

இரவுப்பணி எழுதியது:

அது நல்ல ஆய்வு. ஆனால் அது ஒளிக்கூச்சம் உள்ளவர்களுக்கு, இருட்டறையில், மிகக் குறுகிய அலைவரிசை விளக்கில் செய்தது. சாதாரணப் பச்சை பல்பு வேறு பல நிறங்களையும் கசியவிடும். பச்சைச் சுவர் அந்த விளக்கு ஆகாது. கார்முகிலின் அம்மாவுக்கு இருப்பது எலும்பு வலி.

இருநிறக்கண் எழுதியது:

இத்தனை நாள் வாசகனாக மட்டும் இருந்தேன். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். எனக்குப் பிறவியிலேயே சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை உண்டு, பெண்களில் 0.5 சதவீதம் அளவுக்கே. மற்ற இனத்தாரிடம் விகிதம் சற்று மாறும். நீங்கள் பச்சை என்று எழுதியதை எல்லாம் நான் ஒருவித மங்கிய மஞ்சள்பழுப்பாகவே காண்கிறேன். பழுத்த பழம் இலைக்குள் இருந்தால் உருவத்தைக் கொண்டுதான் தேடுவேன். மனிதக் குரங்குகளும் நம் முன்னோரும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் பெற்றது பழுத்த கனியையும் செந்தளிரையும் கண்டுபிடிக்கத்தான் என்று ஒரு கருத்து உண்டு. அந்தக் கருவி என்னிடம் இல்லை.

ஆனால் மரத்தடி எனக்கு இதமாகத்தான் இருக்கிறது. முழுமையாகவே இருக்கிறது. நிழல் அசைவது, இலைகளுக்கு இடையே வெளிச்சம் புள்ளிபுள்ளியாக விழுவது, ஓசை, ஈரமண் வாசனை, காற்றின் குளிர்ச்சி. பூங்காவிலிருந்து திரும்பும்போது என் மனம் இலேசாகிறது. உடன் வரும் நண்பர்களைவிடக் குறைவாக ஆறுதல் பெற்றதாக ஒருநாளும் நான் உணர்ந்ததில்லை. மறுபக்கம் அவர்களே, நிறம்தான் காரணம் என்றால் என் நிலையை எப்படி விளக்குவீர்கள்?

மறுபக்கம் எழுதியது:

நல்ல கேள்வி. உங்கள் அனுபவம் நிறத்தின் பங்கு பூஜ்யம் என்று காட்டவில்லை. நிறம் இல்லாமலும் மற்றவை போதும் என்று காட்டுகிறது. நான் இன்னும் நிறத்துக்குச் சிறிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் கட்டிலா சுவரா என்றால், கட்டிலைத் திருப்புங்கள் என்று நானும் சொல்வேன்.

இலைநரம்பு எழுதியது:

இருநிறக்கண் எழுதியது இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த பதிவு. ரேச்சல் கப்லன், ஸ்டீஃபன் கப்லன் தம்பதியர் 1989இல் முன்வைத்த கருத்தை இது நினைவூட்டுகிறது. வேலையில் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகிறது. இலை அசைவு, மேகம், நீரோட்டம் போன்றவை வலியுறுத்தாமல் கவனத்தை ஈர்ப்பதால் அந்தக் களைப்பு ஆறுகிறது என்றார்கள். அதற்கு அசைவும் நுணுக்கமும் வேண்டும். ஒரே சீராகப் பூசிய சுவரில் கண் தங்க எதுவும் இல்லை.

இரவுப்பணி எழுதியது:

கார்முகில், நடைமுறையில் சில வார்த்தைகள். அறைக்குள் தொட்டிச் செடி வைக்கச் சொல்லிப் பலர் வருவார்கள், காற்றைச் சுத்தம் செய்யும் என்பார்கள். 2019இல் வெளியான ஒரு மீளாய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறப்பதே மேல். அழகுக்கு ஒன்றிரண்டு செடிகள் வைக்கலாம். ஆனால் அம்மா நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எதையாவது எடுத்துக்கொண்டால், தொட்டி மண்ணில் வளரும் பூஞ்சை ஆபத்து. மருத்துவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

எழுந்து உட்கார அனுமதி கிடைத்ததும் சக்கர நாற்காலியில் வெளியே அழைத்துப் போங்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த ஆய்வு 2019இல் வெளிவந்தது: வாரத்துக்கு 120 நிமிடமோ அதற்கு மேலோ இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம். ஒரே மூச்சில் கழித்தாலும், பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. உடல்நலம் உள்ளவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் வெளியே போவதில் நமக்கு நட்டமில்லை.

கார்முகில் எழுதியது:

கட்டிலைத் திருப்பிவிட்டோம். ஓர் அலமாரியை வெளியே எடுத்துவிட்டதால் நாற்காலி திரும்ப இடம் கிடைத்துவிட்டது. தலைக்கு மேலிருந்த குழல்விளக்கை மாற்றிப் பக்கவாட்டில் மஞ்சள் விளக்கு போட்டாயிற்று. அண்ணன் சும்மா இருக்க முடியாமல் இப்போது மருந்து டப்பாக்களைக் கையில் எடுத்திருக்கிறார்: காலை மருந்துக்குப் பச்சைப் புள்ளி, இரவு மருந்துக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டப் போகிறார். அம்மாவை மாறி மாறிப் பார்த்துக்கொள்ளப்போவது நாங்கள் ஐந்தாறு பேர். இது சரிதானே?

இருநிறக்கண் எழுதியது:

தயவுசெய்து நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஐந்தாறு பேரில் என்னைப் போல் ஒருவர் இருந்தால், அவரே அதை அறியாமலும் இருக்கலாம். பலருக்குப் பெரியவர்களான பிறகுதான் தெரியவருகிறது. போக்குவரத்துச் சிக்னலில் பச்சை விளக்கில் சற்று நீலம் கலந்திருப்பதும், சிவப்பு வழக்கமாக மேலேயே இருப்பதும் எங்களையும் மனதில் வைத்துத்தான். டப்பாவிலும் அப்படியே செய்யுங்கள். காலை மருந்துக்குச் சூரியன் படம், இரவு மருந்துக்குப் பிறை படம் ஒட்டி, பக்கத்தில் "காலை", "இரவு" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரவு மருந்தை வேறு வடிவ டப்பாவில் போட்டால் இன்னும் நல்லது. அரைத்தூக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில் எடுப்பவருக்குக் கையே சொல்லிவிடும். புள்ளி ஒட்டுவதில் அண்ணனுக்கு ஆசை இருந்தால் நீலமும் மஞ்சளும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; அந்த இரண்டையும் என் போன்றவர்கள் எளிதாகப் பிரித்துவிடுவோம்.